அடாமா செய்தால் கட்டாயம், கெய்ட்டா செய்தால் துரோகமா? பேட்டில்ஸ்டார் கலாக்டிகா பற்றி ஒரு சண்டை

கிங்ஸ்சர்க்கிள்காரன்:

முழுத் தொடரும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். 2003இல் மினி தொடராக ஆரம்பித்து 2009 மார்ச்சில் முடிந்த, ரொனால்ட் மூர் செய்த கலாக்டிகாதான் பேச்சு. 1978இல் வந்த பழசு இல்லை. புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: மனித உருவிலும் நடமாடும் சைலான் என்கிற இயந்திரங்கள் பன்னிரண்டு கிரகங்களையும் அழித்தபின், மிச்சம் இருக்கிற மனிதர்கள் கலாக்டிகா என்ற போர்க்கப்பலின் காவலில் கப்பல் கூட்டமாக ஓடுகிற கதை. அடாமா அதன் தளபதி, கெய்ட்டா அவருக்குக் கீழே கட்டளை அறையில் இருந்த அதிகாரி, கடைசியில் அவருக்கு எதிராகவே கலகம் செய்தவர்.

போன இழையில் நாலு பேர் வந்து "கெய்ட்டா துரோகி, சுட்டது சரிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஆறவில்லை.

முதல் சீசன் கடைசியில் அடாமா என்ன செய்தார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதவிப் பிரமாணம் எடுத்த ஜனாதிபதி லாரா ரோஸ்லின், தன்னைக் கேட்காமல் விமானி ஸ்டார்பக்கை, சைலான்கள் பிடித்த காப்ரிகா கிரகத்துக்கு அனுப்பிவிட்டார் என்ற ஆத்திரத்தில் அவரை ராஜினாமா செய்யச் சொல்கிறார். அந்தம்மா மாட்டேன் என்றதும் தன் துணைத் தளபதி கர்னல் டை தலைமையில் ஆயுதத்தோடு ஆட்களை அனுப்பி, ஜனாதிபதியின் கொலோனியல் ஒன் கப்பலில் ஏறி, கைது செய்து, கலாக்டிகா லாக்கப்பில் வைக்கிறார். பக்கத்து நாட்டில் நடந்தால் இதை ராணுவப் புரட்சி என்றுதானே நம் டிவிக்காரர்கள் கத்துவார்கள்? அப்புறம் தான் சைலான் என்றே தெரியாமல் இருந்த விமானி பூமர் அடாமாவைச் சுட, டை கையில் அதிகாரம் வர, ராணுவச் சட்டம் வர, கிடியன் கப்பலுக்குச் சாமான் எடுக்கப் போன வீரர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து சுட்டதில் பொதுமக்கள் நாலு பேர் செத்தார்கள். யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது? அடாமா பிழைத்து எழுந்து கோபோல் கிரகத்துக்குப் போய் ரோஸ்லினிடம் "உன்னை மன்னித்துவிட்டேன்" என்கிற ரீதியில் பேசுகிறார். நான் மன்னிப்பே கேட்கவில்லையே என்கிறார் ரோஸ்லின். கேட்காவிட்டாலும் கொடுத்தாயிற்று என்கிறார் இவர். மன்னிக்க வேண்டியது யார், மன்னிப்பது யார், பாருங்கள்.

இப்போது நாலாவது சீசன். டெமெட்ரியஸ் கப்பலில் கெய்ட்டாவின் காலில் கூட இருந்த ஆண்டர்ஸ் சுட்டு, கால் போய்விட்டது. சுட்டவன் பிற்பாடு சைலான் என்று தெரிகிறது, அவனை யாரும் விசாரிக்கக்கூட இல்லை. டை ஒரு சைலான், ஆனால் அதே நாற்காலியில் அதே பதவியில் உட்கார்ந்திருக்கிறார். கப்பல் கப்பலாகச் சைலான் தொழில்நுட்பத்தில் எஞ்சினை மாற்றப் போகிறோம், ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒதுங்குங்கள் என்று மேலிருந்து உத்தரவு. மக்களைக் கேட்டார்களா? இல்லை. அப்போது கெய்ட்டா கலகத்தில் இறங்கி, அடாமா முதல் சீசனில் செய்ததையே செய்கிறார், அடாமாவுக்கு. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

ஒரே குற்றம், ஒருவருக்குக் கட்டிப்பிடி வைத்தியம், இன்னொருவருக்குத் துப்பாக்கி. வித்தியாசம் என்ன என்று யாராவது சொல்லுங்கள். "அடாமா நல்லவர்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாஷிவைப்பர்:

அடாமா நல்லவர் அண்ணா 😀

பழைய சிக்னல்:

தம்பி கிங்ஸ்சர்க்கிள், கேள்வி நல்ல கேள்வி, ஆனால் பாதியை நீங்களே விழுங்கிவிட்டீர்கள். நான் கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன், அதனால் சீருடைக்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் சட்டத்தில் கீழ்ப்படிய வேண்டியது சட்டப்படியான ஆணைக்குத்தான். மேலே இருப்பவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அந்த வகையில் அடாமா செய்தது கெய்ட்டா செய்ததைவிடப் பெரிய தப்பு, ஏனென்றால் அவர் தளபதி. இரண்டாவது எபிசோடிலேயே, தண்ணீர்ப் பிரச்சினை வரும்போது, கப்பல்களில் போலீஸ் வேலைக்கு என் வீரர்களை அனுப்ப மாட்டேன், ராணுவமும் போலீஸும் ஒன்றானால் மக்களே எதிரியாகத் தெரிய ஆரம்பிப்பார்கள் என்று ரோஸ்லினுக்கு வகுப்பு எடுத்தவர் இதே மனுஷன். அந்தப் பாடத்தைச் சொன்னவரே சீசன் முடிவதற்குள் மீறுகிறார்.

கலகம் என்று எடுத்துக்கொண்டால் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1946 பிப்ரவரி 18, கொலாபா, எச்எம்ஐஎஸ் தல்வார். அது சிக்னல் பள்ளி, எங்கள் பிரிவின் தாய்வீடு. சாப்பாடு சரியில்லை, வெள்ளைக்கார அதிகாரியின் வாய் அதைவிட மோசம் என்று ரேட்டிங்குகள், அதாவது சாதாரண மாலுமிகள், வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். ஓரிரு நாளில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கெல்லாம் பரவி, பம்பாய் தாண்டிக் கராச்சி வரை போய், சுமார் 20,000 பேர் சேர்ந்தார்கள். அவ்வளவு வேகமாக எப்படிப் பரவியது? வயர்லெஸ் பிடித்தவன்தானே ஆரம்பித்தான்! 'தி ஓத்' எபிசோடில் கெய்ட்டா செய்வதைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் அவர் கையில் துப்பாக்கியே இருக்காது. காதில் ஹெட்செட், முன்னால் கன்சோல். எந்த அழைப்பு அடாமாவிடம் போக வேண்டும், எது வழியிலேயே சாக வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்துக்கொண்டு முகத்தைச் சாதாரணமாக வைத்திருக்கிறார். கப்பலில் கலகம் நடந்துகொண்டிருக்கிறது, கட்டளை அறையில் இருக்கிற அடாமாவுக்கு அது தெரியாது. அந்தக் காட்சியை எழுதியவர் தகவல் தொடர்பு என்றால் என்ன என்று தெரிந்து எழுதியிருக்கிறார். ஒரு சிக்னல்காரனை அவமானப்படுத்திவிட்டு அவனிடமே ஹெட்செட்டைக் கொடுத்து வைத்திருந்தால் இதுதான் நடக்கும்.

ஆனால் வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. 1946இல் பையன்கள் அரசியல் தலைவர்களிடம் போய் எங்களை வழிநடத்துங்கள் என்று கேட்டார்கள். பெரிய தலைவர் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பட்டேல் தலையிட்டு, பழிவாங்கல் இருக்காது என்ற உறுதி சொல்லி, 23ஆம் தேதி சரணடைய வைத்தார். உறுதி காற்றில் போனது, எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தானும் எடுக்கவில்லை. அவர்களுக்குத் தலைவன் கிடைக்கவில்லை. கெய்ட்டாவுக்குக் கிடைத்தான், துணை ஜனாதிபதி டாம் ஜாரெக். அதுதான் கெய்ட்டாவின் கெட்ட நேரம்.

கலகம் செய்ததற்காக நான் கெய்ட்டாவைச் சுடச் சொல்ல மாட்டேன். கிரகத்துக்கு ஒரு பிரதிநிதி உட்காரும் பன்னிருவர் அவையை ஜாரெக் ஆள் வைத்துச் சுட்டுத் தள்ளிய செய்தி வந்ததற்குப் பிறகும் கெய்ட்டா தொடர்ந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் இருந்த பரிவு போய்விட்டது. அடாமா ரோஸ்லினைச் சிறையில் வைத்தார். சுடவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இது.

கிங்ஸ்சர்க்கிள்காரன்:

சார், தல்வார் விஷயம் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவையைச் சுட்டது ஜாரெக். கெய்ட்டாவுக்குத் தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? வாந்தி வரும் போல நிற்கிறார். அடாமாவை உடனே முடித்துவிடலாம் என்று ஜாரெக் சொன்னபோதும், இல்லை, விசாரணை நடக்க வேண்டும், வக்கீல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ரோமோ லாம்ப்கினைக் கொண்டுவந்து உட்கார வைத்தது யார்? கலகக்காரன் ஒருவன் தான் கவிழ்த்த தளபதிக்கு வக்கீல் தேடுகிறான். கேலிக்கூத்துதான், ஆனால் அந்த ஆளுக்கு ஒழுங்குமுறை எவ்வளவு ரத்தத்தில் ஊறியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கடைசியில் சுடாதே என்று ஆயுதங்களை அடக்கச் சொன்னதும் அவர்தான், ஜாரெக் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது.

செம்பூர் டீச்சர்:

ஆம்பளைகள் எல்லாரும் துப்பாக்கியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஓட்டுப் பெட்டியைப் பற்றி ஒருத்தர் பேசவில்லை.

நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவள். தேர்தல் வந்தால் பூத் வேலைக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், பிரிசைடிங் ஆபீசராகவும் உட்கார்ந்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் ஏஜென்ட்டுகளை எதிரே உட்கார வைத்து ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்து, சீலில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கி, சாயங்காலம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதி ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நகல் கொடுத்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர முடியும். அந்த எண்ணும் எண்ணுகிற இடத்தில் வருகிற எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் நம் தலைதான் உருளும். இவ்வளவு கசப்பான வேலையை எந்த மரியாதையும் இல்லாமல் செய்கிறவர்கள் இருப்பதால்தான் ஓட்டு ஓட்டாக இருக்கிறது.

அதனால் எனக்கு கெய்ட்டா என்றால் நாலாவது சீசன் ஞாபகம் வராது. இரண்டாவது சீசன் கடைசிதான். ஜனாதிபதித் தேர்தலில் விஞ்ஞானி பால்டாரிடம் ரோஸ்லின் தோற்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவருடைய உதவியாளர் டோரியும் டையும் சேர்ந்து செஃபிர் கப்பலின் ஓட்டுகளை மாற்றிவிடுகிறார்கள். ரோஸ்லினுக்குத் தெரிந்தேதான். முடிவில் ஏதோ இடிக்கிறது என்று மூக்கை நுழைத்துக் கண்டுபிடித்தவர் கெய்ட்டா. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ரோஸ்லின் ஜனாதிபதி, நியூ காப்ரிகா என்ற கிரகத்தில் குடியேற யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள், சைலான் ஆக்கிரமிப்பு கிடையாது, டையின் கண் போயிருக்காது, அவர் மனைவி எலன் செத்திருக்க மாட்டாள். வாயைத் திறந்ததால் பால்டார் ஜெயித்தார், எல்லாம் நாசமானது. தொடர் நம்மை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது: திருட்டு ஓட்டில் ஜெயிக்க வேண்டியவர் ஜெயித்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள்.

பார்க்கிற எல்லோரும் மனசுக்குள் "சே, திருடியிருக்கலாமே" என்று நினைக்கிறோம் இல்லையா? நானும் நினைத்தேன். அப்படி நினைக்க வைத்துவிட்டுத்தான் மூர் நம்மை ஆட்டிப்படைக்கிறார். ரோஸ்லின் யார்? கல்வி அமைச்சர், அதற்கு முன்னால் பள்ளி ஆசிரியை, வாரிசு வரிசையில் 43ஆவது ஆள். முதல் சீசனில் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் உயிரோடு இருப்பவர்கள் எண்ணிக்கையைத் தன் கையால் எழுதுகிறவர். '33' எபிசோடில் 50,298 இல் ஆரம்பித்து, குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரு குழந்தை பிறந்ததும் ஒன்றைக் கூட்டி 47,973 ஆக்குகிறார். ஒன்று கூடியதற்கு அந்த முகம் மலர்கிறது பாருங்கள். அந்தக் கையாலேயே பிற்பாடு ஓட்டு எண்ணிக்கையை மாற்றச் சொல்கிறார். இரண்டும் ஒரே காரணத்துக்காகத்தான், அது எனக்குப் புரிகிறது. புரிவதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் யாரும் பேசுவதில்லை. நியூ காப்ரிகாவுக்குப் பிறகு ரோஸ்லின் எப்படித் திரும்ப ஜனாதிபதியானார்? துணை ஜனாதிபதியாக இருந்த ஜாரெக் பதவிக்கு வந்து, அவரை நியமித்து, விலகிக்கொண்டார். மக்கள் ஓட்டே போடவில்லை. ஒரே ஒரு தடவை மக்களிடம் போனார், தோற்றார். மற்றபடி ஆட்சி முழுவதும் வாரிசும் நியமனமும்தான்.

வாஷிவைப்பர்:

டீச்சர் சொல்வது எல்லாம் சரி, ஆனால் இந்தப் பேச்சில் ஒரு பெயரே வரவில்லை, தப்பிப் பிழைத்த இன்னொரு போர்க்கப்பல் பெகாசஸின் தளபதி அட்மிரல் கெய்ன். இரண்டு மூன்று எபிசோடு மட்டும் வந்துவிட்டுப் போன ஆள்தான், ஆனால் அதிகாரத்தைப் பற்றி வேஷம் போடாமல் பேசியவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. பெகாசஸ் கப்பலில் ஜனநாயகம் இருக்கிற மாதிரி நடிப்பு கிடையாது. போர் நடக்கிறது, நான் அட்மிரல், அவ்வளவுதான். அடாமா வேண்டும்போது ஜனநாயகவாதி, வேண்டாதபோது அப்பா. "அப்பா மாதிரி" தலைவர்கள்தான் ஆபத்து, ஏனென்றால் அவர்களை எதிர்த்தால் அரசியல் எதிர்ப்பு என்று யாரும் பார்க்க மாட்டார்கள், பெத்த மனசை நோகடித்த பாவி ஆகிவிடுவோம். கெய்ட்டாவுக்கு நடந்தது அதுதான்.

கெய்ன் சாவுக்கு ஸ்டார்பக் பேசிய அஞ்சலியில் அவருடன் இருந்தபோது பாதுகாப்பாக இருந்தோம் என்கிற மாதிரி சொல்வார். அதைச் சொன்னது யார்? அடாமா உத்தரவில் அதே கெய்னைச் சுடப் போய் நின்றவள்!

பழைய சிக்னல்:

வாஷி தம்பி, கெய்னுக்கு வக்காலத்து வாங்குவதற்கு முன்னால் அவர் கதையைச் சொல்லும் 'ரேஸர்' படத்தை இன்னொரு தடவை பாருங்கள். அவருடைய துணைத் தளபதி பெல்சன் ஒரு தாக்குதல் உத்தரவை, ஆட்கள் வீணாகச் சாவார்கள் என்று மறுக்கிறார். கெய்ன் கத்தவில்லை. உங்கள் துப்பாக்கியைக் கொடுங்கள் என்று சாதாரணமாகக் கையை நீட்டுகிறார். அவரும் தன்னைப் பதவி நீக்கம் செய்யப்போகிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிறார். அதாலேயே நெற்றியில் சுடுகிறார். கட்டளை அறையில், எல்லோர் முன்னாலும். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் யார் வாயைத் திறப்பார்கள்? ஸில்லா என்ற பயணிகள் கப்பலில் உதிரிபாகத்தையும் வேலை தெரிந்தவர்களையும் எடுத்துக்கொண்டு, வர மறுத்தவர்களின் குடும்பத்தைச் சுட்டுவிட்டு, மிச்சம் பேரை நடு வெளியில் விட்டுவிட்டுப் போனார்கள். கைதியாக இருந்த சைலான் பெண் ஜினாவுக்குச் செய்ததை நான் எழுதக்கூட மாட்டேன். 2005இல் அதைக் காட்டிய 'பெகாசஸ்' எபிசோடு வந்தபோது அமெரிக்காக்காரர்களுக்கு ஈராக்கின் அபு கிரைப் சிறைச் சித்திரவதைப் படங்கள் மறந்திருக்காது.

வேஷம் போடாததை நேர்மை என்கிறீர்கள். வேஷம் போடுகிறவனுக்கு வெட்கம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்து இழுக்கலாம். கெய்னைக் கொன்றுவிடுங்கள் என்று அடாமாவிடம் சொன்னது ராணுவக்காரன் இல்லை, நம் ரோஸ்லின் டீச்சர். அடாமா சரி என்று திட்டம் போட்டுவிட்டு, லாக்கப்பில் இருந்த சைலான் பெண் ஷாரன் பேசியதைக் கேட்டுக் கடைசி நேரத்தில் கைவிட்டார். அதே நேரத்தில் கெய்னும் அடாமாவைக் கொல்லும் திட்டத்தைக் கைவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள்.

கல்யாண் ஸ்லோ:

வேலை முடிந்து வந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மேல்மட்டத்துச் சண்டை நல்லா இருக்கு. கீழே எண்ணெய் காய்ச்சுகிறவனைப் பற்றிப் பேச யாரும் இல்லையா?

மூன்றாவது சீசன், 'டர்ட்டி ஹேண்ட்ஸ்'. டைலியம் என்கிற எரிபொருளைச் சுத்திகரிக்கும் கப்பலில் விடுமுறை இல்லாமல் வேலை, குழந்தைகள்கூட வேலை செய்கிறார்கள், அப்பா செய்த வேலையை மகன் செய்ய வேண்டும் என்கிற நிலை. நம் ஊருக்கு இது புதுசா? கலாக்டிகாவின் தலைமை மெக்கானிக் சீஃப் டைரல் வேலைநிறுத்தம் என்கிறார். அடாமா அவரைப் பிடித்து உள்ளே வைத்து, உன் ஆட்களைக் கலகக்காரர்கள் என்று ஒவ்வொருவராகச் சுடுவேன், முதலில் உன் மனைவி காலி என்கிறார். மெதுவாக, குரலை உயர்த்தாமல். டைரல் இறங்கி வந்துவிடுகிறார்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம். நான் பிறக்கும் முன்னால் நடந்தது, ஆனால் கல்யாணில் ரயில்வே குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுக் கதை. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு முழுக்க சுமார் 17 லட்சம் பேர். மே 8 ஆரம்பித்தது, 27ஆம் தேதி வாபஸ் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில் கைது, குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். தொழிலாளியை அடிக்க முடியாவிட்டால் வீட்டுக்காரியைக் காட்டிப் பயமுறுத்துவது என்பது எந்தக் கிரகத்திலும் ஒரே புத்தகம்தான். அடுத்த வருஷம் எமர்ஜென்சி வந்தது தனிக்கதை.

ஆனால் கலாக்டிகா எழுதியவர்கள் சாமர்த்தியசாலிகள். டைரல் அடங்கிய பிறகு அடாமாவே அவரை ரோஸ்லினிடம் அனுப்புகிறார், அந்தம்மா உட்கார வைத்துப் பேசி, நீயே சங்கத் தலைவராக இரு, பேச்சுவார்த்தை நடத்தலாம் என்கிறார். பார்ப்பவனுக்கு நிம்மதி. எனக்கு நிம்மதி இல்லை. இந்த மும்பையில் 1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் போனதற்கு முக்கியமான ஒரு காரணம், சர்க்கார் சட்டப்படி அங்கீகரித்த சங்கம் தங்களுடைய சங்கம் இல்லை என்பதுதான். சங்கத் தலைவர் யார் என்று முதலாளி தீர்மானித்தால் அது எப்படிப்பட்ட சங்கம்? டைரலை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அடாமாவின் டெக்கில் வேலை பார்க்கிற ஆள், அடாமா துப்பாக்கி காட்டினதும் அடங்கின ஆள், அடாமா அனுப்பி ரோஸ்லின் நியமித்த ஆள்.

அதனால் கெய்ட்டா கலகத்தில் அத்தனை சாதாரண வீரர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர்களுக்கு வாயைத் திறக்க வேறு வழி விட்டு வைத்திருந்தால்தானே?

வாஷிவைப்பர்:

கல்யாண் அண்ணா 🔥 இதை ஒத்துக்கொள்ளாதவன் மனுஷனே இல்லை.

செம்பூர் டீச்சர்:

கல்யாண் தம்பி, அந்த எபிசோடில் குலுக்கல் போட்டு ஆள் எடுப்பார்களே, அதையும் சேர்த்துக்கொள். காலேஜ் போவதற்காகக் கொஞ்ச காலம் வயலில் வேலை பார்த்த பையன், விவசாயம் தெரிந்தவன் என்று குறிப்பில் இருந்த ஒரே காரணத்துக்காக எண்ணெய்க் கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டான். படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்ததற்குத் தண்டனை. அவனுக்கு வாத்தியாராக இருந்திருந்தால் நான் ரோஸ்லினிடம் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

முலுண்ட் நிலா:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கெய்ட்டாவை நேர்மையின் சிகரம் மாதிரி பேசுகிறீர்கள் எல்லோரும். நியூ காப்ரிகாவில் சைலான்களுக்கு உடந்தையாக இருந்தார் என்று பால்டார்மேல் நடந்த வழக்கில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சாட்சி சொன்னது யார்? சைலான்கள் நீட்டிய மரண தண்டனைப் பட்டியலில் பால்டார் கையெழுத்துப் போட்டது தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டபோது. அறையில் கெய்ட்டாவே இருந்தார். கோர்ட்டில் வந்து, தயக்கமே இல்லாமல் விரும்பிப் போட்டார் என்று சொன்னார். ஓட்டுப் பெட்டியில் பிசகைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான் டீச்சர். அதற்கு முன்னாலேயே பால்டார் கழுத்தில் பேனாவால் குத்தினவரும் அவர்தான்.

ஆனால் ஏன் அப்படி ஆனார் என்று பாருங்கள். நியூ காப்ரிகாவில் பால்டார் அலுவலகத்தில் இருந்துகொண்டே எதிர்ப்பாளர்களுக்கு ரகசியத் தகவல் கொடுத்தது கெய்ட்டா. திரும்பி வந்ததும் ஜாரெக் அமைத்த ரகசியக் குழு அவரைத் துரோகி என்று, விண்வெளியில் தள்ளிக் கொல்ல ஏர்லாக்கில் மண்டிபோட வைத்தது. தகவல் இருக்கிறது என்று நாய்க் கிண்ணத்தைத் திருப்பி வைத்து அடையாளம் காட்டியது நான்தான் என்று அவர் சொன்ன பிறகுதான் டைரலுக்கு உறைத்து விட்டார்கள். அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? டை, டைரல், ஆண்டர்ஸ். மூன்று பேரும் சைலான்கள் என்று பின்னால் தெரிகிறது! யாரும் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ரோஸ்லின் பொது மன்னிப்பு அறிவித்தார், அவ்வளவுதான். பொது மன்னிப்பில் ஒரு வசதி இருக்கிறது, தப்புச் செய்தவனும் தப்பித்துவிடுகிறான், தப்பே செய்யாதவனும் "சரி, உன்னையும் மன்னித்தோம்" என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறான்.

அடாமாவின் மகன் லீ பால்டார் வழக்கில் கூண்டில் ஏறிப் பேசியது இதைத்தானே? என் அப்பா ராணுவப் புரட்சி செய்தார், மன்னித்தோம். டை தற்கொலைப் படை அனுப்பினார், மன்னித்தோம். நானே ஒரு பயணிகள் கப்பலைச் சுட்டு வீழ்த்தினேன், மன்னித்தோம். இந்த ஒருத்தனை மட்டும் ஏன் தூக்கில் போட வேண்டும்? அவன்மேல் நமக்கு வெட்கம் ஜாஸ்தி என்பதைத் தவிர என்ன காரணம்? ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் விடுதலை என்றார்கள், அதில் ஒருவர் அடாமா. கிங்ஸ்சர்க்கிள் அண்ணா இழையை ஆரம்பித்துக் கேட்ட கேள்வியை மூன்றாவது சீசன் கடைசியிலேயே லீ கேட்டுவிட்டார். கெய்ட்டாவுக்கு அந்த மாதிரிப் பேச ஒரு லீ இல்லை, அதுதான் நடந்தது.

கிங்ஸ்சர்க்கிள்காரன்:

நிலா, பொய் சாட்சியை நீங்கள் கொண்டுவந்தது நல்லதாயிற்று, அது என் வாதத்துக்குத்தான் பலம். அந்தக் கப்பலில் சுத்தமானவர் யாரும் இல்லை. அப்படியானால் தண்டனையை எது தீர்மானித்தது? வெற்றி தோல்வியும், அடாமாவோடு யாருக்கு எவ்வளவு பழக்கம் என்பதும்தான். டை செய்யாத தப்பா? அவர் அடாமாவின் முப்பது வருஷச் சிநேகிதர்.

பழைய சிக்னல்:

தம்பி, நான் விடமாட்டேன். ஓர் அவையையே சுட்டுத் தள்ளிய கூட்டாளியோடு நிற்பதற்கும் ஓட்டுப் பெட்டியில் கை வைப்பதற்கும் அளவில் வித்தியாசம் உண்டு. எல்லாரும் தப்புச் செய்தார்கள், அதனால் எல்லாத் தப்பும் ஒன்று என்பது வாதம் இல்லை, சோர்வு.

முலுண்ட் நிலா:

சார், கடைசி எபிசோடை யோசித்தீர்களா? கலாக்டிகா திரும்பி வராத பயணத்துக்குக் கிளம்பும்போது மிச்சம் இருக்கிற கப்பல்களுக்கு யாரை அட்மிரலாக்கிவிட்டுப் போகிறார் அடாமா? ஹோஷியை. இணையத்தில் வந்த 'தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி' குட்டிப் படங்கள் பார்த்தவர்களுக்கு ஹோஷி யார் என்று தெரியும், கெய்ட்டாவின் காதலர். யாரைச் சுடச் சொன்னாரோ அவருடைய ஆளிடமே மனித குலத்தின் மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வசனத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஜனாதிபதியாக லாம்ப்கின், கெய்ட்டா அடாமாவுக்காகத் தேடிப் பிடித்த அதே வக்கீல். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம், நான் நம்ப மாட்டேன்.

பழைய சிக்னல்:

அட. இது எனக்குத் தோன்றவே இல்லை. ஹோஷியும் வயர்லெஸ்காரன்தான்.

செம்பூர் டீச்சர்:

ஹோஷியும் நியமனம், லாம்ப்கினும் நியமனம். ஓட்டு எங்கே?

கிங்ஸ்சர்க்கிள்காரன்:

டீச்சர், ஓட்டுப் போட அவையே உயிரோடு இல்லையே. ஆனால் படுகொலைக்குப் பிறகு லீ ஒரு யோசனை சொல்வார், இனிமேல் கிரகத்துக்கு ஒருவர் என்று வேண்டாம், கப்பலை வைத்துப் பிரதிநிதி எடுக்கலாம் என்று. அழிந்துபோன ஜெமினான் பெயரில் ஒருத்தர், டாரான் பெயரில் ஒருத்தர் என்று இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததே அபத்தம். தொடர் முழுவதிலும் உருப்படியான அரசியல் சீர்திருத்தம் அது ஒன்றுதான், இரண்டு நிமிஷத்தில் கடந்துவிட்டார்கள்.

கல்யாண் ஸ்லோ:

அதை முன்னாலேயே செய்திருந்தால் டைலியம் கப்பலுக்கு ஒரு ஓட்டு, ஒரு நாற்காலி இருந்திருக்கும். வேலைநிறுத்தமே வந்திருக்காது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் "சொந்த ஊர் எது" என்றால் திருநெல்வேலி என்றுதான் சொல்வார்கள், ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் திருநெல்வேலி எம்எல்ஏவிடமா போக முடியும்? கல்யாண் கவுன்சிலர் வீட்டு வாசலில்தான் நிற்கிறோம்.

வாஷிவைப்பர்:

அப்படியானால் சாகிட்டரான் கிரகத்துக்காரர்கள் நூறு கப்பலில் சிதறிக் கிடந்தால் அவர்களுக்காகப் பேச யார்? இந்த ஊரில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துக்காக எந்தக் கவுன்சிலர் பேசுகிறார்? கிரக ஓட்டும் வேண்டும் அண்ணா.

செம்பூர் டீச்சர்:

பள்ளிக்கூடத்தை இழுத்தால் நான் இன்னும் நாலு பக்கம் எழுதுவேன், தனி இழை போடு.

பழைய சிக்னல்:

கப்பல்வாரி ஓட்டு என்றால் கலாக்டிகாவில் இருக்கிற வீரர்கள் எங்கே போடுவது என்று யாராவது சொல்லுங்கள். கலாக்டிகாவுக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் அது அடாமாவின் நாற்காலி. கொடுக்காவிட்டால் அத்தனை பேருக்கும் ஓட்டு இல்லை. நாங்கள் எல்லாம் கப்பலில் இருந்தபோது சொந்த ஊர்த் தொகுதிக்குத் தபாலில் போட்டோம், அங்கே சொந்த ஊரே இல்லை.